‘கிக் தி பக்கெட்’ தெரிந்த குமாஸ்தா

மத்திய அரசு வேலைக்கும் வங்கி வேலைக்கும் நடத்துகிற போட்டித் தேர்வுகளில் ஆங்கிலம் என்று ஒரு பகுதி இருக்கிறது. அது ஆங்கிலத்தைச் சோதிக்கவில்லை என்பது என் கட்சி. அது சோதிப்பது மனப்பாடத்தையும் கை வேகத்தையும்தான். எழுத்தர் நாற்காலியில் உட்காரப் போகிறவருக்கு எது வேண்டுமோ, அதாவது ஒரு பக்கத்தை வாசித்து அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று புரிந்துகொள்ளும் திறமை, அது அந்தக் கேள்வித்தாளில் ஒதுங்கி நிற்கிறது.

பேரன் பேத்திகளை இந்தத் தேர்வுகளுக்கு அனுப்புகிறவர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் நடத்தும் சி.ஜி.எல்., சி.எச்.எஸ்.எல். தேர்வுகளின் முதல் கட்டத்தில் 100 கேள்விகள், 60 நிமிடம். அதில் 25 கேள்விகள் ஆங்கிலம், 50 மதிப்பெண். தவறான விடைக்கு அரை மதிப்பெண் வெட்டு. வங்கிகளுக்கான ஐ.பி.பி.எஸ். முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலம் 30 கேள்விகள், 20 நிமிடம். அங்கே கால் மதிப்பெண் வெட்டு. கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 36 அல்லது 40 வினாடி. இந்த வினாடிகளுக்குள் ஒரு பிள்ளையின் இரண்டு மூன்று வருஷ உழைப்பு அடங்கிவிடுகிறது.

எங்கள் எதிர் வீட்டுப் பெண் பி.எஸ்சி. முடித்துவிட்டு இரண்டு வருஷமாக இதற்குத்தான் படிக்கிறாள். அவளுடைய நோட்டைப் பார்த்தேன். சினானிம், ஆன்டனிம், இடியம், ஒன் வோர்ட் என்று நான்கு பிரிவு. தினமும் 50 சொல் எழுதி ஒப்பிக்க வேண்டுமாம். “அம்மாடி, ‘ஃப்ரூகல்’ என்றால் என்ன?” என்று கேட்டேன். “சிக்கனம் தாத்தா. எகனாமிகல், த்ரிஃப்டி” என்றாள். “அப்படியானால் ‘மைஸர்லி’?” என்றேன். “ஆப்ஷன்ல என்ன இருக்குன்னு பார்த்துத்தான் தாத்தா சொல்லணும்” என்றாள்.

அவள் சொன்னதில் தவறில்லை. தேர்வை அவள் சரியாகவே புரிந்துவைத்திருக்கிறாள். ஆனால் ஒருவரைச் சிக்கனக்காரர் என்றால் பாராட்டு, கஞ்சன் என்றால் சண்டை. தமிழில் இதை யாரும் நமக்குப் பட்டியல் போட்டுச் சொல்லித்தரவில்லை. பேச்சில் கேட்டோம், கதையில் படித்தோம், எந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று தெரிந்துகொண்டோம். சொல்லுக்கு வாக்கியம்தான் வீடு. வீட்டை விட்டுப் பிடுங்கித் தெருவில் நிறுத்தி, ‘உன் சொந்தக்காரன் யார்?’ என்று கேட்டால் அது என்ன சொல்லும்?

அரசு அலுவலகத்தில் தினமும் புழங்கும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘சாங்ஷன்’ என்றால் ஒப்புதல். கடன் சாங்ஷன் ஆகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறோம். அதே ‘சாங்ஷன்’ ஒரு நாட்டின் மீது விதிக்கப்பட்டால் தண்டனை. ‘ஓவர்சைட்’ என்றால் மேற்பார்வை. அதே சொல்லுக்குக் கவனக்குறைவு என்றும் பொருள். ‘சார்ஜ்’ எடுத்தால் பொறுப்பு, ‘சார்ஜ் ஷீட்’ வந்தால் குற்றச்சாட்டு, ‘சர்வீஸ் சார்ஜ்’ என்றால் கட்டணம். இவை எல்லாம் அரிய சொற்கள் அல்ல. இவற்றை வாக்கியத்தில் வைத்துப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் பைலைக் கொடுக்கலாம். பட்டியலிலோ தபால்தலை சேகரிப்பவருக்கு என்ன பெயர், பெண்களை வெறுப்பவனுக்கு என்ன பெயர் என்று ஓடுகிறது. ‘கிக் தி பக்கெட்’ என்றால் செத்துப்போவது என்று தெரிந்திருக்க வேண்டும். என் சர்வீஸில் எத்தனையோ டெத் கேஸ் பைல்களைப் பார்த்திருக்கிறேன். எந்த நோட்டிலும் எந்த ஊழியரும் வாளியை உதைக்கவில்லை.

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். ஆங்கிலத்தைப் பெரும்பாலும் அலுவலகப் பைலில்தான் கற்றேன். அதனால் தோற்றத்தைப் பார்த்துச் சொல்லை நம்பக்கூடாது என்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. பிரெஞ்சில் ‘லிப்ரேரி’ என்றால் புத்தகக் கடை, நூலகம் அல்ல. ‘அத்தாந்த்ர்’ என்றால் காத்திருப்பது, ‘அட்டெண்ட்’ செய்வது அல்ல. ‘அக்துயெல்மான்’ என்றால் தற்போது, ‘ஆக்சுவலி’ அல்ல. இவற்றுக்கு ‘ஃபோ-சாமி’, பொய் நண்பர்கள் என்று பெயர். பட்டியல் வைத்துப் படிக்கும் பிள்ளைக்கு எல்லாச் சொல்லும் பொய் நண்பர்தான்.

எங்கள் பள்ளியில் ‘திக்தே’ என்ற ஒரு சடங்கு உண்டு. ஆசிரியர் ஒரு பத்தியைச் சொல்லச் சொல்ல நாங்கள் எழுத வேண்டும். ஐந்து பிழை வந்தால் பூஜ்யம். அதில் கொடுமை இருந்தது, அதனால் படிப்பையே விட்டவர்களும் உண்டு. அந்தக் கொடுமையைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் திக்தேவுக்குப் பிறகு கேள்விகள் வரும். ‘இந்த வாக்கியத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?’ என்று கேட்பார்கள். இந்த வாக்கியத்தில் என்பதுதான் முக்கியம். ‘ஆசிரியர் இங்கே ஏன் இப்படிச் சொல்கிறார்? உன் சொந்த வார்த்தையில் எழுது’ என்பார்கள். பத்தியிலிருந்து வரியை அப்படியே பெயர்த்து எழுதினால் மதிப்பெண் கிடையாது.

இங்கே காம்ப்ரிஹென்ஷன் என்ற பெயரில் நடப்பதற்கும் அதற்கும் எவ்வளவு தூரம்! ஒரு வேடிக்கை செய்து காட்டுகிறேன். கீழே உள்ள வாக்கியத்தைப் படியுங்கள்.

‘டமுக்கன் நேற்று ஒசுட்டத்தில் பிசுக்கியைக் கொழுக்கினான்.’

கேள்வி ஒன்று: டமுக்கன் எதைக் கொழுக்கினான்? பிசுக்கியை. கேள்வி இரண்டு: எங்கே கொழுக்கினான்? ஒசுட்டத்தில். கேள்வி மூன்று: எப்போது? நேற்று. மூன்றுக்கு மூன்று மதிப்பெண்! டமுக்கன் யார், பிசுக்கி என்பது மிருகமா பாத்திரமா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பக்கத்தில் இருப்பதை டிக் செய்யும் வித்தை இது. கோச்சிங் சென்டர்களில் இதையே சொல்லித்தருகிறார்கள்: பத்தியைப் படிக்காதே, முதலில் கேள்வியைப் படி, பிறகு பத்தியில் தேடு. வாசிப்பைச் சோதிக்கும் தேர்வில் வாசிக்காமல் இருப்பதே உத்தி!

‘க்ளோஸ் டெஸ்ட்’ என்று இன்னொன்று இருக்கிறது. பத்தியில் நடுநடுவே சொற்களை எடுத்துவிட்டுக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வது. அமெரிக்காவில் டெய்லர் என்பவர் 1953-இல் இதைக் கொண்டுவந்தார். எழுதியது வாசகருக்கு எவ்வளவு எளிதாகப் புரிகிறது என்று அளப்பதற்கு! வாசகன் தன் மனத்திலிருந்தே சொல்லைப் போட வேண்டும். எழுத்தைச் சோதிக்கப் பிறந்த முறை இங்கே வாசகனைச் சோதிக்க வந்து, நான்கு ஆப்ஷனையும் தாங்கி நிற்கிறது.

இதனால் நஷ்டம் யாருக்கு? தேர்வில் தோற்ற பிள்ளைக்கு மட்டும் அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு விதவை அம்மாள் குடும்பப் பென்ஷனுக்காக ஓர் அலுவலகத்துக்கு நடந்தார். குறிப்பிட்ட மூன்று சான்றுகளில் ஏதாவது ஒன்று போதும் என்று உத்தரவில் இருக்கிறது. அங்கிருந்த இளைஞர் மூன்றும் வேண்டும் என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார். கெட்டவர் அல்ல, லஞ்சம் கேட்டவரும் அல்ல. நல்ல மதிப்பெண் வாங்கித் தேர்வானவர்தான். ‘எனி ஒன் ஆஃப்’ என்ற மூன்று சொல் அவர் கண்ணில் பட்டும் மனத்தில் ஏறவில்லை. எழுபது வயதில் வெயிலில் பஸ்ஸுக்கு நின்ற அந்த அம்மாளுக்கு அவருடைய சினானிம் அறிவால் என்ன பிரயோஜனம்?

என் கட்சிக்கு எதிராகச் சொல்லப்படுவது எனக்குத் தெரியும். இலட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வை யார் உட்கார்ந்து திருத்துவது, மனிதர் திருத்தினால் பாரபட்சம் வராதா என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இதே கமிஷன் 2016 முதல் சில ஆண்டுகள் இந்த இரண்டு தேர்வுகளிலும் கட்டுரையும் கடிதமும் எழுதவைத்தது. முதல் கட்டத்தில் வடிகட்டிய பிறகு எழுதவைத்ததால் அது முடிந்தது. 2022-இல் திட்டத்தை மாற்றியபோது அதை எடுத்துவிட்டார்கள். யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் மெயின் தேர்வில் இன்றும் 300 மதிப்பெண்ணுக்கு ஆங்கிலத் தாள் இருக்கிறது. கட்டுரை உண்டு, பத்தியைச் சுருக்கி எழுதும் ‘ப்ரேஸி’ உண்டு, விடையைச் சொந்தமாக எழுதும் காம்ப்ரிஹென்ஷன் உண்டு. அதில் தேறினால் போதும், ரேங்குக்குச் சேராது. கலெக்டராக வருகிறவர் எழுதிக் காட்ட வேண்டும், அவருக்கு நோட் போடுகிறவர் டிக் அடித்தால் போதும் என்றால் எப்படி?

சரி, எழுதவைக்க முடியாது என்றே வைத்துக்கொள்வோம். டிக் அடிக்கும் முறையிலேயே நல்ல கேள்வி கேட்கலாம். 1972-ஆம் ஆண்டு சி.சி.எஸ். விடுப்பு விதிகளில் 7-ஆம் விதி சொல்வது இது: விடுப்பை உரிமையாகக் கோர முடியாது. பணியின் அவசியம் கருதி எந்த விடுப்பையும் அதிகாரி மறுக்கலாம், கொடுத்ததை ரத்தும் செய்யலாம். ஆனால் ஊழியர் எழுத்தில் கேட்டாலொழிய, கேட்ட விடுப்பின் வகையை மாற்ற அதிகாரிக்கு இடமில்லை. ஆங்கிலத்தில் இந்த விதியைக் கொடுங்கள். ‘எக்ஸிஜென்சீஸ்’ என்ற கடினச் சொல்லுக்குப் பொருளையும் அடியில் கொடுத்துவிடுங்கள். பிறகு கேளுங்கள்: ஊழியர் பத்து நாள் ஈட்டிய விடுப்பு கேட்கிறார். அதிகாரி அதை அரைச் சம்பள விடுப்பாக மாற்றிக் கொடுக்கிறார். இது செல்லுமா? நான்கு விடை கொடுங்கள், கம்ப்யூட்டரே திருத்தட்டும். ‘மே’ என்றால் அதிகாரம், ‘ஷால்’ என்றால் கட்டாயம், ‘பட்’ வந்தால் வண்டி திரும்புகிறது என்று தெரிந்தவன் சரியாகச் சொல்வான். பட்டியல் ஒப்பித்தவன் திணறுவான்.

இப்படிக் கேட்டால் கிராமத்துப் பிள்ளைக்குக் கஷ்டம் என்பவர்களுக்கும் பதில் உண்டு. இப்போது யாருக்கு லாபம்? கோச்சிங்குக்குப் பணமும், வேலைக்குப் போகாமல் இரண்டு வருஷம் வீட்டில் உட்காரும் வசதியும் உள்ளவர்களுக்குத்தான். பாகூரிலும் நெட்டப்பாக்கத்திலும் நிலத்தில் வேலை செய்துகொண்டே படிக்கிற பிள்ளைக்கு யோசிக்கத் தெரியும். அரிய சொல் பட்டியலுக்குத்தான் அவனுக்கு நேரமில்லை. 2023-இல் எம்.டி.எஸ். தேர்வைத் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் எழுதலாம் என்று செய்தார்கள். நல்ல காரியம். அந்த நியாயம் ஆங்கிலப் பகுதிக்குள்ளும் நுழைய வேண்டும்.

தேர்வு மாறும்வரை பிள்ளைகள் பட்டியலைப் படித்தே ஆக வேண்டும். அதைத் தடுக்காதீர்கள். வேலை முக்கியம். ஆனால் வீட்டில் சும்மா இருக்கும் நம்மைப் போன்றவர்கள் ஒன்று செய்யலாம். தினமும் ஆங்கிலப் பேப்பரில் ஒரு பத்தியைப் பேத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு பேப்பரை வாங்கி மடித்து வைத்துவிட்டு, “இப்போ தமிழ்ல சொல்லும்மா, என்ன எழுதியிருக்கான்?” என்று கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டும் என்பதில்லை. அவள் சொல்வது கோர்வையாக இருக்கிறதா என்று கேட்கக் காது இருந்தால் போதும். எதிர் வீட்டுப் பெண்ணோடு பத்து நாளாக இதை நடத்திக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் இரண்டு வரி சொன்னாள். நேற்று, “எழுதினவரே முதல் பாராவில் ஒண்ணு சொல்லிட்டு மூணாவது பாராவில் மாத்திட்டார் தாத்தா” என்றாள். இந்த விடைக்கு எந்தத் தேர்விலும் அவளுக்கு மதிப்பெண் கிடையாது.