நூலக அலமாரியில் நாம் எங்கே?

ரந்தாவ் வட்டாரப் பெற்றோர்களே, தோட்டத்துச் சொந்தங்களே!

2011-ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? அப்துல்லா ஹுசேன் எழுதி 1971-இல் வெளிவந்த 'இண்டர்லோக்' நாவலை ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடநூலாக்கினார்கள். நம் நெகிரி செம்பிலான் பிள்ளைகளும் அதைப் படித்தாக வேண்டும் என்றார்கள். கப்பலேறி வந்த நம் முன்னோர்களைச் சாதிப் பெயரால் முத்திரை குத்திய நூல் அது. நாம் சும்மா இருக்கவில்லை. முதலில் திருத்துகிறோம் என்று சமாளித்தார்கள். கடைசியில் அந்த ஆண்டு முடிவதற்குள் மீட்டுக்கொண்டார்கள்.

சரி, வென்றோம். அதன் பிறகு என்ன செய்தோம்?

"இது எங்கள் கதை அல்ல" என்று சொன்ன நாம், "இதோ, எங்கள் கதை" என்று எந்த நூலைப் பிள்ளையின் கையில் கொடுத்தோம்? உங்கள் பிள்ளையின் பள்ளி நூலகத்தைத் திறந்து பாருங்கள். தேர்வுப் பயிற்சி நூல்களைத் தவிர என்ன இருக்கிறது? 2021-இல் யூபிஎஸ்ஆர் தேர்வை ரத்து செய்தார்கள். அதற்காக வெள்ளி வெள்ளியாகக் கொட்டி வாங்கிய பயிற்சி நூல்கள் இப்போது பழைய பேப்பர்தானே!

"நம்ம பிள்ளைங்க எங்கே படிக்குதுங்க?" என்று சலித்துக்கொள்கிறோம். படிக்கத் தகுந்ததை வைத்துவிட்டா அப்படிச் சொல்கிறோம்?

இந்த நூல்கள் உங்கள் பள்ளியில், பட்டணத்து நூலகத்தில் உண்டா என்று கேளுங்கள்:

1. சயாம் மரண ரயில் (ஆர். சண்முகம்). 1942–43-இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் கதை. போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை.

2. நினைவுச் சின்னம் (அ. ரெங்கசாமி). அதே கொடுமையைச் சொல்லும் இன்னொரு நாவல்.

3. லங்காட் நதிக்கரை (அ. ரெங்கசாமி). கம்யூனிஸ்டுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அவசரகால மக்களின் கதை.

4. பால்மரக் காட்டினிலே (அகிலன்). தமிழ்நாட்டு எழுத்தாளர் நம் ரப்பர் தோட்டங்களைப் பார்த்து எழுதியது.

5. தமிழ் படிக்காத பிள்ளைக்கு கே.எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' (1981).

இவை நம் தாத்தா பாட்டியின் வாழ்க்கை. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பல இடங்களில் செம்பனையையும் அழித்து வீடமைப்புத் திட்டம் கொண்டுவந்தார்கள். லயம் போனது, தோட்டத்துக் கோயில்கள் பல போயின. அங்கே யார் உழைத்தார்கள் என்பதற்கு நாளை எது சாட்சி? புத்தகத்தில் இருப்பதுதான் மிஞ்சும்!

இது பிச்சையல்ல, உரிமை. இந்நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நம் தமிழ் நூலுக்கும் அதே சட்டம்தான். நம்மிடம் வாங்கிக்கொள்ளச் சட்டம் இருக்கும்போது, நம் வாசலுக்குக் கொண்டுவர மட்டும் வழி இல்லையா? பொது நூலகம் நம் வரிப்பணத்திலும்தானே நடக்கிறது!

என்ன செய்யலாம்?

பத்துக் குடும்பங்கள் சேருங்கள். வேண்டிய நூல்களின் பெயரை எழுதிக் கையொப்பமிட்டு நூலகத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் அதே கடிதத்தைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நூலக அலமாரியைப் பற்றி ஒரு கேள்வியாவது கேளுங்கள். கோயில் திருவிழாவில் பட்டாசுக்குப் போகும் காசில் ஒரு பங்கைப் புத்தகத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

புத்தகம் வந்ததும் வேலை முடிந்துவிடாது. இரவல் எடுங்கள். யாரும் தொடாத நூலைக் காரணம் காட்டியே அடுத்த முறை "தமிழுக்கு ஆள் இல்லை" என்பார்கள். அந்தச் சாக்கை நாமே எடுத்துக் கொடுக்கலாமா?

அவமதித்த நூலை விரட்ட ஒன்று கூடினோம். நம்மைச் சொல்லும் நூலை வரவழைக்கக் கூட மாட்டோமா?

சிந்தியுங்கள்! இந்த மாதமே கடிதத்தை எழுதுங்கள்!