‘முடியாத மீன்’ முடிந்துபோகாதிருக்க...

சென்ற வாரம் காத்தான்குடிச் சந்தைக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். கடல்மீனின் விலை கைக்கெட்டாத உயரத்தில் நின்றமையால் திலாப்பியாவின் பக்கம் திரும்பினேன். எங்கள் பக்கத்தில் ‘யப்பான் மீன்’ என்றால்தான் பலருக்கு விளங்கும். கூறு போட்டு வைத்திருந்தவற்றுள் உள்ளங்கையளவைத் தாண்டியது ஒன்றுமில்லை.

“பெரிசு இல்லையா தம்பி?” என்று கேட்டேன்.

“இப்ப இதுதான் காக்கா படுது. ஆனா இது முடியாத மீன். வருசம் முழுக்கக் குஞ்சு பொரிக்கும்” என்றார் வியாபாரி.

அவர் மீனை வெட்டும்போது ஒன்றின் வாயிலிருந்து மஞ்சள் நிற முட்டைகள் நாலைந்து பலகையில் விழுந்தன. தண்ணீரூற்றிக் கழுவிவிட்டு அடுத்த மீனை எடுத்தார். ‘முடியாத மீன்’ என்ற அவரது சொல் மட்டும் என்னோடு வீடுவரை வந்தது.

அவர் அப்படி நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. தென்கிழக்கு ஆபிரிக்க நதிகளைத் தாயகமாகக் கொண்ட மொசாம்பிக் திலாப்பியா 1952ஆம் ஆண்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. நைல் திலாப்பியா 1975இல் வந்தது. கட்லா, றோகு போன்ற இந்தியக் கெண்டைகள் நமது குளங்களில் தாமாக இனம் பெருக்குவதில்லை. பொரிப்பகங்களில் வளர்த்த குஞ்சுகளை ஒவ்வொரு முறையும் கொண்டுவந்து விடவேண்டும். திலாப்பியாவுக்கு அந்தத் தயவு தேவையில்லை. 1990இல் உள்நாட்டு மீன்பிடிக்கு வழங்கிவந்த ஆதரவை அரசு விலக்கிக்கொண்டது. 1994இல் அது மீண்டும் வழங்கப்படும்வரை குளத்து மீனவரின் அடுப்பை எரியவைத்தது, தன்னைத்தானே பெருக்கிக்கொண்ட இந்த மீன்தான்.

ஆனால், அது எவ்வாறு பெருகுகிறது என்பதைச் சற்று நோக்குவோம். ஆண்மீன் ஆழங்குறைந்த கரையோரத்தில் சேற்றையும் மணலையும் வாயால் அகற்றி, தட்டுப்போன்ற ஒரு குழியை அமைக்கிறது. பெண்மீன் அதில் முட்டையிட்டு, உடனேயே அவற்றை வாயில் அள்ளிக்கொள்கிறது. சில நாட்களில் முட்டைகள் பொரித்தாலும் தாயின் கடமை முடிவதில்லை. குஞ்சுகள் நீந்தப் பழகிய பின்னரும், ஆபத்து நெருங்கினால் அவை தாயின் வாய்க்குள்ளேயே ஓடி ஒளிந்துகொள்கின்றன. இரண்டு, மூன்று வாரங்கள் நீளும் இக்காலத்தில் தாய் பெரும்பாலும் இரை தேடுவதில்லை. தகப்பனோ குழியோடு நின்றுவிடுகிறது.

றோகு ஒரே பருவத்தில் இலட்சக்கணக்கான முட்டைகளை ஆற்றோடு விட்டுவிடும். திலாப்பியா ஒரு தடவையில் இடுவது சில நூறு முட்டைகளே. பெரிய தாயாயின் ஆயிரத்தைத் தாண்டலாம். ஆகவே, இந்த மீனின் பலம் முட்டைகளின் தொகையில் இல்லை, தாயின் காவலில் இருக்கிறது. முட்டை சுமக்கும் தாயைப் பிடித்தால் ஓர் ஈற்றையே பிடித்துவிட்டோம் என்று பொருள். வலையில் திமிறும்போதே பல தாய்கள் முட்டைகளை உமிழ்ந்துவிடுவதால் இந்த இழப்பு வாங்குபவன் கண்ணில் படுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. நெருக்கடிக்கு ஆளாகும் திலாப்பியா சிறு வயதிலேயே, சிறிய உடலோடு முட்டையிடத் தொடங்கிவிடும். சிறிய தாய்க்குச் சிறிய வாய், முட்டைகளும் குறைவு. எண்ணிக்கையில் மீன் இருக்கும், கறிச்சட்டியில் முள்தான் மிஞ்சும். சந்தையில் நான் கண்ட கூறு இதற்குச் சாட்சியாக இருக்கலாம் என்று அஞ்சுகிறேன்.

குளங்களில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுடைய செவுள் வலைகளைச் சட்டம் அனுமதிப்பதில்லை. தங்கூசி வலைக்கும் தடை உண்டு. சட்டம் இருக்கிறது, வலைகளும் இருக்கின்றன. யுத்தத்தையும் 2004இன் ஆழிப்பேரலையையும் கண்ட மீனவனிடம் ‘சின்ன மீனை விட்டுவிடு’ என்று சொல்வது எனக்கு இலகு. மாலையில் வெறுங்கையோடு வீடு திரும்புவது அவனுக்கு இலகுவன்று. எனவே, பழியை அவன் தலையில் மட்டும் போடுவது நியாயமாகாது. உள்ளங்கையளவு மீனைப் பேரம் பேசி வாங்கிய நானும் அதில் பங்காளிதான். 56 கிலோமீற்றர் நீளமான நமது வாவியின் ஓரங்களை மண்போட்டு நிரப்பி மதில் எழுப்புவோரும் பங்காளிகளே. ஆண்மீன் குழி தோண்டுவது அந்த ஆழங்குறைந்த கரையிலேதான்.

எனது கருத்து இதுதான். மீனவர் சங்கங்களே முன்வந்து, மீன் குழி தோண்டும் கரையோரங்களில் சில இடங்களை வலை விழாத இடங்களாக ஒதுக்கவேண்டும். கண் பெரிய வலைக்கு மாறும் மீனவனுக்கு அதிகாரிகள் அபராதத்துக்கு முன்னர் மாற்று வலையைக் கொடுக்கவேண்டும். வாங்குவோராகிய நாம் குஞ்சு மீனின் கூறைக் கண்டால் கையெடுக்கவேண்டும்.

நாட்டில் அரசு கைவிட்ட காலத்திலும் ஏழையின் சோற்றுக்குக் கறியாக வந்த மீன் இது. அடுத்த வாரம் சந்தைக்குப் போகும்போது அந்தத் தம்பியிடம் இதைச் சொல்லத்தான் போகிறேன். அவர் சிரித்தாலும் பரவாயில்லை.