மங்களூரு: புள்ளிவிவரத்தில் தெரியாத கொலைச் சங்கிலி

பெங்களூரு: தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் பெருநகரங்களுக்கெனத் தனி அட்டவணை உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் 19 நகரங்கள் மட்டுமே அதில் இடம்பெறுகின்றன. தமிழகத்திலிருந்து சென்னையும் கோவையும், கேரளத்திலிருந்து கொச்சியும் கோழிக்கோடும் அப்பட்டியலில் உள்ளன. கர்நாடகத்தின் சார்பில் பெங்களூரு ஒன்றுதான். துறைமுகம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, மருத்துவக் கல்லூரிகள், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் என வளர்ந்துவரும் மங்களூரு அதில் இல்லை. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் கர்நாடக அரசை மிகவும் அலைக்கழித்த வன்முறை அந்தக் கடற்கரை நகரையும் அதைச் சூழ்ந்த தட்சிண கன்னட மாவட்டத்தையும் சேர்ந்ததே.

அட்டவணையில் இடம்பெற்றிருந்தாலும் உண்மை நிலை புலப்பட்டிருக்குமா என்பது ஐயமே. இங்கு அச்சத்தை விளைவிப்பது கொலைகளின் எண்ணிக்கை அன்று. ஒரு கொலை அடுத்த கொலைக்குக் காரணமாகும் வேகம்.

ஒன்பது நாள்களில் மூன்று தாக்குதல்கள்

2022 ஜூலை 19ஆம் தேதி சுள்ளியா வட்டம் பெள்ளாரே அருகே இஸ்லாமிய இளைஞர் ஒருவர் தாக்கப்பட்டு, இரு நாள்களில் உயிரிழந்தார். 26ஆம் தேதி இரவு பாஜக இளைஞரணி நிர்வாகி பிரவீண் நெட்டாரு பெள்ளாரேயில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரது குடும்பத்தினருக்கு ஆறுதல் கூற அப்போதைய முதல்வர் பசவராஜ் பொம்மை 28ஆம் தேதி மாவட்டத்துக்கு வந்தார். அன்று மாலையே சூரத்கல்லில் ஒரு துணிக்கடை வாசலில் மற்றோர் இஸ்லாமிய இளைஞர் கொல்லப்பட்டார்.

முதல்வர் நெட்டாருவின் இல்லத்துக்கு மட்டுமே சென்றார். அரசின் 25 லட்சம் ரூபாய் இழப்பீடும் அக்குடும்பத்துக்கே கிடைத்தது. ஆட்சி மாறிய பின்னர், 2023 ஜூனில் சித்தராமையா அரசு விடுபட்ட குடும்பங்களுக்கும் அதே தொகையை வழங்கியது. அவற்றுள் 2018இல் கொல்லப்பட்ட இந்து இளைஞர் ஒருவரின் குடும்பமும் அடங்கும். இதைப் பணக்கணக்காக மட்டும் பார்க்க இயலாது. யாருடைய மரணத்தை அரசு துக்கமாகக் கருதுகிறது என்பதை ஊர் கவனித்துக்கொண்டிருந்தது.

2025 வசந்தம்

பஹல்காம் பயங்கரவாதத் தாக்குதல் நிகழ்ந்து ஐந்து நாள்களே ஆன நிலையில், 2025 ஏப்ரல் 27ஆம் தேதி மங்களூரு புறநகரான குடுப்புவில் கிரிக்கெட் போட்டி நடந்த இடத்தருகே வயநாட்டைச் சேர்ந்த இஸ்லாமியர் ஒருவரைக் கும்பல் அடித்துக் கொன்றது. காவல்துறை முதலில் இதை இயற்கைக்கு மாறான மரணம் என்றே பதிவு செய்தது. பின்னர் காவல் ஆய்வாளர் உள்பட மூவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர். கும்பல் கொலைக்கான பாரதிய நியாய சம்ஹிதையின் 103(2) பிரிவில் வழக்கு நகர்ந்தது. இனம், சாதி, மொழி, பிறப்பிடம், தனிப்பட்ட நம்பிக்கை ஆகியவற்றைக் குறிப்பிடும் அப்பிரிவில் ‘மதம்’ என்ற சொல் நேரடியாக இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

நான்கு நாள் கழித்து, மே 1ஆம் தேதி, பஜ்பே அருகே கின்னிபதவில் சுஹாஸ் ஷெட்டி வெட்டிக் கொல்லப்பட்டார். பஜ்ரங் தளத்தின் முன்னாள் உறுப்பினரான அவர் காவல்துறையின் ரவுடிகள் பட்டியலில் இருந்தவர். 2022 சூரத்கல் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டு ஜாமீனில் வெளிவந்திருந்தவர். பழிதீர்ப்புடன் இரு கும்பல்களிடையிலான தனிப்பகையும் காரணம் எனக் காவல்துறை கூறியது. முதலில் கைதான எட்டுப் பேரில் இருவர் இந்துக்கள். மதப் பகை, ரவுடிப் பகை என்று இருவேறு பெட்டிகளில் இக்கொலைகளைப் பிரித்து வைப்பது கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. சென்னை வாசகர்களுக்கு 2024 ஜூலையில் பெரம்பூரில் நிகழ்ந்த ஆம்ஸ்ட்ராங் கொலை நினைவுக்கு வரலாம். அங்கும் முந்தைய கொலைக்குப் பழி என்பதே காவல்துறையின் முதல் விளக்கம். அங்கும் சில நாள்களில் காவல் ஆணையர் மாற்றப்பட்டார்.

மே 27ஆம் தேதி பண்ட்வால் வட்டத்தில், மணல் இறக்கிக்கொண்டிருந்த சரக்கு வாகன ஓட்டுநர் கொல்லப்பட்டார். உள்ளூர் மசூதியின் செயலாளரான அவரை வெட்டியவர்களில் அறிமுகமானவர்களும் இருந்ததாகப் புகார் பதிவானது. இம்மூன்று கொலைகளில் அதிகம் கலங்கடிப்பது இதுவே. ரவுடிகள் பட்டியலில் இருப்பவர் தமக்கு ஆபத்து உண்டு என அறிவார். மணல் இறக்கச் செல்பவர் எதை அறிவார்?

நக்சல் தடுப்புப் படையிலிருந்து

இரண்டு நாள்களில் மங்களூரு காவல் ஆணையரும் மாவட்டக் கண்காணிப்பாளரும் மாற்றப்பட்டனர். 36 பேரை மாவட்டத்தை விட்டு வெளியேற்றும் நடவடிக்கை தொடங்கியது. ஜூன் 13ஆம் தேதி உள்துறை அமைச்சர் ஜி. பரமேஷ்வரா 248 பேர் கொண்ட சிறப்பு நடவடிக்கைப் படையைத் தொடங்கி வைத்தார். தட்சிண கன்னடம், உடுப்பி, சிவமொக்கா மாவட்டங்கள் அதன் எல்லை. நக்சல் தடுப்புப் படையைக் குறைத்தே இதற்கு ஆள் திரட்டப்பட்டது. 2025 ஜனவரியில் ஆறு மாவோயிஸ்டுகள் முதல்வர் முன்னிலையில் சரணடைந்ததால் அங்கு வேலை குறைந்திருந்தது.

காட்டில் ஆயுதக் குழுவைத் தேடுவதும், கைப்பேசியில் பரவும் வதந்தியை அது கத்தியாக மாறுமுன் கண்டறிவதும் ஒரே திறன் அல்ல. மங்களூரு காவல்துறைக்குத் திறமை இல்லை என்றும் கூற முடியாது. 2025 ஜனவரியில் நகருக்கு அருகே கோட்டேகார் கூட்டுறவு வங்கியில் முகமூடிக் கும்பல் பட்டப்பகலில் நகைகளைக் கொள்ளையடித்தபோது, சில நாள்களிலேயே திருநெல்வேலி வரை சென்று குற்றவாளிகள் எனக் கருதப்பட்டவர்களைக் கைது செய்தது இதே காவல்துறைதான். குற்றம் நடந்த பின் துப்பறிவதில் குறையில்லை. நடக்குமுன் தடுப்பதில்தான் தடுமாற்றம்.

வெறுப்புப் பேச்சைத் தண்டிக்கும் மசோதாவை மாநிலச் சட்டப்பேரவை 2025 டிசம்பரில் பெலகாவியில் பாஜகவின் கடும் எதிர்ப்புக்கிடையே நிறைவேற்றியது. இதற்கிடையே, சுஹாஸ் ஷெட்டி கொலை வழக்கை மத்திய உள்துறை தேசியப் புலனாய்வு முகமையிடம் ஒப்படைத்தது. அதே மாதத்தில் நிகழ்ந்த பண்ட்வால் ஓட்டுநரின் கொலையை விசாரித்தது மாநிலக் காவல்துறை.