ஊசிக்கும் உணவுக்கும் இடைப்பட்ட நேரம்

மாத்தளைக்குச் செல்லும் போதெல்லாம் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் பழைய நண்பர் ஒருவரைப் பார்க்காமல் நான் திரும்புவதில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைசியாகப் போனபோது அவர் பேசவில்லை, மனைவிதான் பேசினார். “ஊசியப் போட்டுட்டு உக்காந்தாரு. ரொட்டி சுட்டு முடிக்கிறதுக்குள்ள விழுந்துட்டாருங்க.”

அன்று எரிவாயு தீர்ந்துவிட்டிருந்தது. விறகோ மழையில் நனைந்திருந்தது. அரைமணி நேரத்தில் வந்திருக்க வேண்டிய உணவு ஒன்றரை மணி நேரமாகியும் வரவில்லை. உடல் நடுங்கி, சட்டை வியர்வையில் நனைந்து, நாக்குக் குழறியிருக்கிறது. விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தபடியால், அடுத்த லயத்துப் பிள்ளை சீனி கரைத்துக் கொடுத்த தண்ணீர் அவரைக் காப்பாற்றியது. “கவனமில்லாத மனுசன்” என்று அயலார் ஏசினார்களாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊசி போடக் கற்றுக்கொடுத்தவர்கள், உணவு தாமதித்தால் என்ன நேரும் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லியிருக்கவில்லை.

உணவு வேளைக்கான இன்சுலின், உண்ணப்போகும் உணவை நம்பிப் போடப்படுவது. அரசாங்க வைத்தியசாலைகளில் நெடுங்காலமாக வழங்கப்படும் தெளிந்த இன்சுலினை உணவுக்கு ஏறத்தாழ அரைமணி நேரம் முன்னதாகப் போடுவது வழக்கம். அது வேலை செய்யத் தொடங்கவே அவ்வளவு நேரம் பிடிக்கும். 1996 முதல் பாவனைக்கு வந்த லிஸ்ப்ரோவும், அதன் பின் வந்த அஸ்பார்ட்டும் அப்படியல்ல. பத்துப் பதினைந்து நிமிடங்களில் வேலையைத் தொடங்கிவிடுபவை. அவற்றைப் போடும்போது உணவு கண்முன் இருக்க வேண்டும். பழைய மருந்துக்குப் பதிலாகப் புதியது கைக்கு வந்தால், ஊசியின் நேரமும் மாறவேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்து, கிடைத்ததை வாங்கப் பழகிய நாடு இது. ஆகவே, குப்பியின் பெயர் மாறியிருந்தால் “எப்போது போடுவது?” என்று கேட்காமல் கிளினிக்கை விட்டு வெளியேறாதீர்கள்.

இன்னோர் ஆபத்து கடல்கடந்து வருவது. இந்தியாவில் விற்கப்படும் இன்சுலின் குப்பிகளில் பல, ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகு கொண்டவை. இலங்கையிலும் மேற்கு நாடுகளிலும் வழக்கில் உள்ளது 100 அலகு. இரண்டுக்கும் ஊசிக்குழல்கள் வேறு: 40க்குரியதன் மூடி சிவப்பு, 100க்குரியது செம்மஞ்சள். தமிழ்நாட்டுக்கு யாத்திரை போன உறவினர், “மலிவாக இருந்தது” என்று ஒரு பொதி சிவப்பு மூடி ஊசிகளை வாங்கிவந்து கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் நம் நாட்டுக் குப்பியிலிருந்து 10 என்ற கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 25 அலகு. இரண்டரை மடங்கு! சென்னை, கொழும்பு, ரொறன்ரோ என்று அலையும் நம் குடும்பங்களுக்கு இது வெறும் கற்பனைக் கணக்கல்ல.

பத்திரிகைக்காரனுக்குப் பூச்சியத்தைக் கண்டால் எப்போதும் பயம். ஆனால் அச்சில் ஒரு பூச்சியம் கூடிவிட்டால் மறுநாள் திருத்தம் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். மருந்துச் சீட்டில் அலகைக் குறிக்க ‘யு’ என்ற ஆங்கில எழுத்தை மட்டும் கிறுக்கும்போது அது பூச்சியமாகப் படிக்கப்பட்டு, 4 என்பது 40 ஆன விபத்துகள் உலகெங்கும் பதிவாகியுள்ளன. அதனாற்றான் ‘அலகு’ என்பதை முழுச்சொல்லாக எழுதும்படி மருந்துப் பாதுகாப்பு அமைப்புகள் வற்புறுத்துகின்றன. நான் கேட்பது இன்னும் ஒரு படி மேலே: அதைத் தமிழில் எழுதுங்கள். தமிழும் ஆட்சிமொழி என்று 13ஆவது திருத்தம் சொன்னது 1987இல். தோட்டத்துப் பெண்ணொருத்தி தன் மருந்துச் சீட்டைத் தானே வாசிக்க முடியாவிட்டால், அந்தத் திருத்தத்தால் அவளுக்கு என்ன பயன்?

மாசி மகத்தன்று முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் மாத்தளை வீதியில் வரும்போது, விரதமிருந்து வெறுங்காலோடு நடப்பவர்களில் இன்சுலின் போடுபவர்களும் இருப்பார்கள். விரதத்தை விடச்சொல்ல நான் யார்? ஆனால் உண்ணாத வேளைக்கு உணவு ஊசி இல்லை. அதற்காக நீண்டநேரம் வேலை செய்யும் மற்ற இன்சுலினைத் தாமாகவே நிறுத்திவிடவும் கூடாது. இரண்டும் கலந்த, பால்போல் கலங்கிய மருந்தைப் போடுபவர்கள் சில நாட்களுக்கு முன்பே வைத்தியரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருவேளை மறந்துபோன ஊசியை அடுத்த வேளையில் இரட்டிப்பாக்குவதும் ஆபத்தே.

நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் கண்டால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும். தெளிந்தபின் உணவு. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சடைத்துவிடும். அவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நண்பரின் வீட்டில் இப்போது ஒழுங்கு மாறியிருக்கிறது. வைத்தியரிடம் கேட்டே மாற்றினார்களாம். மாவு பிசைந்து, அடுப்பு மூண்டு, கல் சூடேறிய பிறகுதான் மனைவி மருந்துக் குப்பியைத் தொடவிடுகிறார். அடுப்பங்கரைச் சுவரில், பேத்தியின் கையெழுத்தில், ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது: “மொதல்ல அடுப்பு, அப்புறம் ஊசி, தாத்தா.”