ராயபுரத்துக் கணக்கில் நம் பாக்கி

எண்ணூர் விரைவுச் சாலையில் சென்னைத் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் ட்ரெய்லர்களின் நம்பர் பிளேட்டைப் படித்துக்கொண்டே நடந்தால், சென்னை எண்களுக்கு நடுவே 28, 34, 52, 88 என்று நம்மூர் எண்களும் தலைகாட்டும். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி. சாலையின் ஒருபக்கம் கருங்கல் கொட்டிய கரை, அதற்கப்பால் கடல், மறுபக்கம் வீடுகள். கேட் திறக்கும்வரை ஓட்டுநருக்கு அந்த வீடுகளின் நிழல்தான் ஒதுங்குமிடம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கோ இரண்டு வண்டிகளுக்கு இடையிலுள்ள சந்துதான் பள்ளிக்கூடம் போகும் வழி. இருவரும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வார்கள். வண்டி நின்ற நாளுக்கு ‘ஹால்டிங்’ என்று லாரி உரிமையாளர் ஒரு தொகை கேட்கலாம். கிடைக்கிறதோ இல்லையோ, கேட்கவாவது ஒரு சொல் இருக்கிறது. வாசலில் வண்டி நின்ற வீட்டுக்காரருக்கு அதுவும் இல்லை.

“துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடிபோனால் லாரி நிற்கத்தான் செய்யும்” என்று நம் பக்கத்தில் சொல்வது வழக்கம். யார் பக்கத்தில் யார் வந்தது என்று பார்த்தால் கதை தலைகீழ். துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்தையே எடுத்துக்கொள்வோம். ராயப்பர் என்பது புனித பேதுருவுக்குத் தமிழில் வழங்கும் பெயர். ராயபுரம் என்ற ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்தது என்பார்கள். அங்குள்ள புனித பேதுரு தேவாலயம் 1829-இல் படகோட்டிகள் தங்கள் வருமானத்திலிருந்து சேர்த்த பணத்தில் எழுந்தது. அப்போது சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும்; ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகளில் அலையைக் கிழித்துக்கொண்டு போய்ச் சரக்கையும் ஆட்களையும் கரைசேர்த்தவர்கள் இந்தக் கடற்கரைக்காரர்கள். அந்த ஊரே துறைமுகமாக இருந்தது என்றாலும் பிழையில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. செயற்கைத் துறைமுகத்துக்கான வேலை அதற்கும் இருபது ஆண்டுகளுக்குப் பிறகே தொடங்கியது. 1881-இல் முடியும் தறுவாயில் புயல் அதைச் சிதைத்துவிட, மறுபடி கட்டினார்கள்.

கட்டி முடித்ததும் கடல் தன் பங்கைக் கேட்டது. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். கடலுக்குள் நீட்டிய துறைமுகச் சுவர் அந்த ஓட்டத்தை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை, வரவேண்டிய மணல் வராமல் கரை கரைந்தது. வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. கருங்கல்லைக் கொட்டி மிச்சத்தைக் காப்பாற்றினார்கள். சேலத்திலிருந்து பட்டணம் பார்க்கப் போகிறவர்கள் மெரினாவில் சுண்டல் தின்றுவிட்டுத் திரும்புகிறோம். அந்த மணலில் ஒரு பகுதி ராயபுரத்துக்குச் சேரவேண்டியது.

நம் பாக்கியில் பெரியது நிலக்கரி. மேட்டூர் அனல்மின் நிலையத்தின் முதல் நான்கு அலகுகளும் சேர்ந்து 840 மெகாவாட்; பின்னால் சேர்ந்த அலகு 600. அணையைக் காட்டிப் பெருமைப்படும் நாம் இந்த நிலையத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை. அதற்கான நிலக்கரி ஒடிசாவில் வெட்டப்பட்டு, பாரதீப்பில் கப்பலேறி, சென்னைப் பக்கத்துக் கரையில் இறங்கி, ரயிலில் மலையடிவாரம் வந்து சேரும். சென்னைத் துறைமுகம் கரியையும் இரும்புத்தாதுவையும் திறந்தவெளியில் குவித்துக் கையாண்ட காலத்தில், ராயபுரத்து மொட்டைமாடியில் வெள்ளைத் துணி காயப்போட முடியாது. மக்கள் வழக்காடி, 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவு வந்த பிறகுதான் அந்தத் தூசுச் சரக்கு அங்கிருந்து வெளியேறியது. நியாயமான வெற்றி. ஆனால் தூசு ஒழியவில்லை. சில மைல் வடக்கே நகர்ந்தது. அனல்மின் நிலையக் கரியை இறக்குவதற்கென்றே 2001-இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம் அதை ஏற்றுக்கொண்டது. மேட்டூர்க்காரர்களுக்கு இது புரியும்: நிலக்கரி எரிந்த பிறகு மிஞ்சும் சாம்பலோடு வாழ்பவர்கள் அவர்கள். எரிவதற்கு முந்தைய தூசு எண்ணூருக்கு, பிந்தையது மேட்டூருக்கு. நடுவில் மின்விசிறிக்கடியில் நாம்.

எரிவாயுவுக்கும் இதே வழிதான். தென்மாநில எரிவாயு டேங்கர் லாரி உரிமையாளர் சங்கத்தின் தலைமையிடம் நாமக்கல். அங்கே வேலைநிறுத்தம் என்று அறிவித்தால் சிலிண்டர் நிரப்பும் ஆலைகள் வரிசையாகத் தவிக்கும். 2017 ஜனவரி 28-ஆம் தேதி விடியற்காலை எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதே, அவற்றில் ஒன்று எரிவாயுவை இறக்கிவிட்டுத் திரும்பிய கப்பல். கரையொதுங்கிய கருங்குழம்பை மாணவர்களும் மீனவர்களும் வாளியில் அள்ளிய படங்களை நாடே பார்த்தது. வாளி! ஒரு பெரிய துறைமுகத்தின் கையிருப்பு அவ்வளவுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. வலைகளும் படகுகளும் பிசுபிசுத்தன. அது காயுமுன்னே, அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில், கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் அம்மோனியா கொண்டுபோகும் குழாய் கசிந்தது. பெரியகுப்பத்து மக்கள் மூச்சுமுட்டித் தெருவுக்கு ஓடினார்கள். அந்த உரம் விளைநிலத்துக்குத்தான் வருகிறது. மரவள்ளியும் கரும்பும் போடுகிற நமக்கு அதில் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட முடியாது.

இவ்வளவும் சொல்வது குற்ற உணர்ச்சியில் முகம் தொங்கப்போட அல்ல. காசிமேட்டு மீனவரும் நாமக்கல் ஓட்டுநரும் எதிரெதிரே நிறுத்தப்பட்டிருந்தாலும் கேட்பது ஒன்றையே: வண்டிகள் நிற்பதற்குச் சாலைக்கு வெளியே ஓர் இடம். கழிப்பறையும் குளியலறையும் உணவுக்கடையும் வெளிச்சமும் உள்ள லாரி நிறுத்துமிடம் ஓட்டுநருக்கு மரியாதை, குடியிருப்புக்கு மூச்சு. இதை இரு தரப்பும் சேர்ந்து கேட்டதாக எனக்குத் தெரிந்து ஒரு செய்தியும் இல்லை. சரக்கு வண்டிகளுக்கென்று திட்டமிட்ட மதுரவாயல்–துறைமுகம் மேம்பாலத்தின் கதையைப் பாருங்கள். 2009-இல் அடிக்கல், 2012-இல் பணி முடக்கம், 2022-இல் ஈரடுக்குப் பாலம் என்று இன்னோர் அடிக்கல். ஒரு பாலத்துக்கு இரண்டு பிரதமர்கள் அடிக்கல் நாட்டியாயிற்று. இந்தத் தாமதத்தின் வாடகையைக் கட்டியது பாலத்தைப் பற்றி எவரும் கருத்துக் கேட்காத குப்பங்கள். ஓட்டுநரின் தூக்கமும் அதில் போனது.

நம்மூர் உரிமையாளர் சங்கங்களுக்கு ஒரு பலம் இருக்கிறது. குப்பங்களுக்கு அது இல்லை. வாடகை ஒப்பந்தம் பேச எண்ணெய் நிறுவனங்கள் இவர்களோடு உட்கார்ந்தாக வேண்டும். அந்த மேசையில் இதுவரை கிலோமீட்டருக்கு எவ்வளவு, டீசல் ஏறினால் எவ்வளவு என்பதே பெரும்பாலும் பேச்சு. லோடு ஏற்றுமிடத்தில் நிறுத்துமிடம், இரவில் குடியிருப்புச் சாலையில் வண்டி நிறுத்தத் தடை, நிறுத்தவைத்தால் நிறுவனமே அபராதம் கட்டுவது என்று மூன்று வரி அந்த ஒப்பந்தத்தில் ஏறினால், நீதிமன்றம் போகாமலேயே கொஞ்சம் காரியம் நடக்கும். செலவு சிறிது கூடும். கூடட்டும், இத்தனை காலம் அந்தச் செலவு இல்லாமல் இருந்ததாக நினைத்தோம், அதே கரையிலுள்ள திருவொற்றியூரில் வேறு யாரோ கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கரையில் ஒரு குப்பத்துக்கு நல்லதண்ணீர் ஓடைக் குப்பம் என்று பெயர். அடுத்த முறை அங்கே வண்டியோடு காத்திருக்கும் நம்மூர்க்காரர் யாராவது கண்ணாடியை இறக்கி, அந்த ஓடை எங்கே ஓடியது என்று வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் கேட்டுப் பார்க்கலாம். கேட் திறக்க எப்படியும் நேரமாகும்.