தூக்க முடியாத பெட்டி

போன மாதம் ஒரு வேலையாகத் திண்டிவனம் போனவன், அப்படியே என் பள்ளித் தோழன் வீட்டுக்கும் போனேன். கூடத்து மூலையில் கறுப்பாக ஒரு பெரிய பெட்டி. அதன்மேல் பூப்போட்ட துணி விரித்து, மாத்திரை டப்பா, மூக்குக் கண்ணாடி, வெந்நீர் ஃபிளாஸ்க் எல்லாம் வைத்திருந்தான்.

"இன்னாடா இது, புது டேபிளா?" என்று கேட்டேன்.

"டேபிள் இல்லடா, ஆம்ப்ளிஃபயர். குடலிறக்க ஆபரேஷனுக்கு அப்புறம் கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நாலு வருஷமா அங்கேயேதான் கிடக்குது."

"கிதார்?"

கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினான். உறையைத் திறந்து பார்த்தேன். ஆறு கம்பியும் துருப்பிடித்திருந்தன.

எனக்கு வந்த கோபம் அவன்மேல் அல்ல. அறுபத்தொன்பது வயதில் ஆசையாகக் கிதார் வாசிக்க ஆரம்பித்த மனிதனை, முப்பது கிலோவுக்குச் சற்றுக் குறைந்த அந்தப் பெட்டியை வாங்க வைத்தவர்கள்மேல். சென்னையில் ஒரு கடைக்காரரும், இசைக்குழுவில் வாசிக்கும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து சொன்னார்களாம்: "ஜாஸுக்கு இந்த சைஸ் இருந்தாதான் சார் நிக்கும். சின்னதெல்லாம் பொம்மை." பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு, நூறு வாட்டுக்கு மேல் சக்தி. ஒரு ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியாருக்கு இது எதற்கு? தெருவுக்கே வாசிக்கப் போகிறாரா?

அந்தப் 'பொம்மை' என்ற சொல்லுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிய ஒரு சொல்தா தாத்தா இருந்தார். சாயங்காலம் பென்ஷன் கதைகளோடு இசைத்தட்டும் ஓடும். அதில்தான் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் கிதாரை முதலில் கேட்டோம். ஜாஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மெட்டை ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு அவரவர் மனோதர்மத்துக்குக் கற்பனை செய்து வாசிப்பது. நம் கல்பனாஸ்வரத்துக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் கார்டுகள் மாறிக்கொண்டே இருக்கும்.

பிறகு எனக்குத் திண்டிவனத்தில் குமாஸ்தா வேலை. 1993-இல் தென்னாற்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டம் வந்தபோது விழுப்புரத்துக்கே மாறி, அங்கேயே ஓய்வும் பெற்றேன். பிரெஞ்சில் படித்தவன் சிட்டா அடங்கல் எழுதியே காலத்தைக் கழித்தேன். கிதாரை மட்டும் விடவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பெரிய பெட்டி இருந்தால்தான் ஜாஸ் என்பவர்கள் அந்த இசையின் சரித்திரத்தைப் பார்க்க வேண்டும். ஜாங்கோவுக்கு 1928-இல் அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்து, இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கிப்போயின. அந்தக் கையோடுதான் 1934-இல் பாரிஸில் ஸ்தெஃபான் கிராப்பெல்லியின் வயலினோடு ஐவர் குழு அமைத்தார். மூன்று கிதார், ஒரு வயலின், ஒரு பாஸ். ட்ரம்ஸ் கிடையாது, கிதாருக்கு ஆம்ப்ளிஃபயரும் கிடையாது. அமெரிக்காவில் கவுன்ட் பேஸியின் பெரிய வாத்தியக் குழுவில் ஃப்ரெடி கிரீன் 1937 முதல் 1987-இல் இறக்கும் வரை வெறும் மரக் கிதாரையே வாசித்தார். மின்சாரக் கிதாரை ஜாஸில் நிலைநாட்டியவர் சார்லி கிறிஸ்டியன். அவர் 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தபோது பக்கத்தில் இருந்தது இன்றைக்கு நம் கல்யாண மண்டபத்தில் மைக் செட் தம்பிகள் சிரித்துவிடக் கூடிய சின்னப் பெட்டி. அதில் வந்த நாதத்தைத்தான் எண்பது வருஷத்துக்கு மேலாக எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் பக்கத்திலும் பாருங்கள். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் சிறுவனாக மேடை ஏறியபோது எங்கள் அலுவலகத்திலேயே, "விளையாட்டுச் சாமான்ல கச்சேரியா?" என்று கேட்டவர்கள் உண்டு. கையளவு மின்சார மாண்டலின் அது. 2014-இல் அவர் மறைந்த அன்று அதே ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். கர்நாடக சங்கீதத்தையும் ஜாஸையும் ஒரே கிதாரில் வாசிக்கும் பிரசன்னா, 2010-இல் நம் திண்டிவனத்துக்குக் கிழக்கே செய்யூர்ப் பக்கம் ஸ்வர்ணபூமியில் ஓர் இசைப் பள்ளியையே தலைமையேற்று நடத்தினார். ஆக, ஜாஸ் கிதார் நம் ஊருக்கு அந்நியமும் அல்ல, சின்ன வாத்தியம் நமக்குப் புதிதும் அல்ல. பெட்டி விஷயத்தில் மட்டும் ஏன் இந்த வீம்பு?

அடுத்தது வாட். நூறு வாட் பெட்டி ஐம்பது வாட் பெட்டியைவிட இரண்டு மடங்கு சத்தம் போடும் என்று கடையில் சொல்வார்கள். அது தவறு. சக்தியை இரட்டித்தால் ஏறுவது 3 டெசிபெல்தான். காதுக்குக் கொஞ்சம் கூடியது போல இருக்கும், அவ்வளவே. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு சக்தி வேண்டும். ஒரு நல்ல கிதார் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபெலுக்கு மேல் கேட்கும். குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் அளவு பகலில் 55, இரவில் 45. என் தோழன் வீட்டுக் கூடத்தில் அந்தப் பெட்டியின் குமிழ் இரண்டாம் எண்ணைத் தாண்டியதே இல்லை. காசு கொடுத்தது பத்து வரைக்கும்.

சரி, பெட்டி ஏன் கனக்கிறது? கனம் நாதத்தில் இல்லை. பழைய முறை ஆம்ப்ளிஃபயரில் இரும்பும் செம்பும் சுற்றிய பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். சூட்டை வெளியேற்ற அலுமினியத் தகடுகள், ஸ்பீக்கருக்குப் பின்னால் கனத்த காந்தம், இதையெல்லாம் தாங்க மொத்தமான பலகை. அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு நாம் வைத்திருந்த எலிமினேட்டர் ஞாபகம் இருக்கிறதா? செங்கல் மாதிரி இருக்கும். இன்றைய செல்போன் சார்ஜர் அதைவிட அதிக சக்தி தருகிறது, சட்டைப் பையில் போய்விடுகிறது. மின்சாரத்தை மிக வேகமாக வெட்டி வெட்டி அனுப்பினால் டிரான்ஸ்ஃபார்மர் சின்னதாகிவிடும், அதுதான் சூட்சுமம். இதே சூட்சுமம் இன்றைய 'கிளாஸ் டி' ஆம்ப்ளிஃபயர்களிலும் இருக்கிறது. சூடாகி வீணாகும் சக்தி குறைவு, அதனால் தகடும் குறைவு. காந்தத்தையும் நியோடிமியத்தில் செய்தால் கனம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

கணக்கு சொல்கிறேன். 1975-இல் வந்து இன்றும் புகழோடு இருக்கும் ரோலண்ட் ஜாஸ் கோரஸ் 120, சுமார் 28 கிலோ. அருமையான பெட்டிதான், மேடையில் தூக்கி வைக்க ஆள் இருப்பவர்களுக்கு. ஜெர்மனியில் செய்யும் ஏ.இ.ஆர். காம்பாக்ட் 60 என்பது 60 வாட், எட்டு அங்குல ஸ்பீக்கர், ஆறரை கிலோ. இத்தாலியின் டி.வி. மார்க் லிட்டில் ஜாஸ் 45 வாட், அதுவும் எட்டு அங்குலம், ஏழு கிலோ. உலகம் சுற்றும் வித்வான்களே இப்படிப்பட்டவற்றோடு மேடை ஏறுகிறார்கள். இதையா பொம்மை என்பது?

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு தூக்கியவன். கட்டு பெரிதாக இருந்தால் விஷயமும் பெரிது என்று நம்பிய அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். உத்தரவு எப்போதும் மேலே இருக்கும் ஒற்றைத் தாளில்தான்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஒன்று, கிதாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் பேசுகிறது. மட்டமான சின்னப் பெட்டியில் அந்தக் கம்பி டப்பாவைத் தட்டுவது போல ஒலிக்கும். உண்மை. ஆகவே சின்னதில் நல்லதைத் தேட வேண்டுமே தவிர, பெரியதில் ஏதோ ஒன்றை அல்ல. இரண்டு, ட்ரம்ஸ்காரர் பக்கத்தில் இருந்தால் பத்து வாட் போதாது. நாதம் உடையாமல் நிற்க ஐம்பது, அறுபது வாட் வேண்டும். அதுவும் ஏழு கிலோவுக்குள் கிடைக்கிறது என்றுதான் மேலே சொன்னேன். மூன்றாவதுதான் உறுத்துகிறது: பழுது பார்ப்பது. பழைய பெட்டியை விழுப்புரத்தில் எந்த ரேடியோ மெக்கானிக்கும் திறந்து, புகைந்துபோன பாகத்தை மாற்றிக் கொடுத்துவிடுவார். புதிய பலகையில் கடுகு அளவு பாகங்கள். போனால் பலகையோடு மாற்ற வேண்டும். இதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. வாங்கும்போதே சர்வீஸ் எங்கே, எத்தனை வருஷ உத்தரவாதம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன்: அந்த முப்பது கிலோவை மெக்கானிக் கடைக்கு யார் தூக்கிக்கொண்டு போவது?

வாங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் நான்கு யோசனை.

முதலாவது, உங்கள் கிதாரையே கடைக்கு எடுத்துப் போங்கள். கடைக் கிதாரில் எல்லாம் நன்றாகத்தான் கேட்கும்.

இரண்டாவது, சத்தத்தைக் குறைத்து வாசித்துப் பாருங்கள். வீட்டில் பேசும் குரல் அளவுக்கு வைத்து, நான்கைந்து ஸ்வரம் சேர்ந்த ஒரு கார்டைப் பிடியுங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழுகிறதா? விழுந்தால் பாதி வேலை முடிந்தது. உரக்க வைத்துக் காட்டுபவரிடம் நைச்சியமாக, "கொஞ்சம் குறைங்க தம்பி" என்று சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, கிதாரின் குமிழை முழுக்க மூடிவிட்டுப் பெட்டி அருகே காதை வையுங்கள். உறுமல் கேட்டால் வேண்டாம். கேட்காவிட்டாலும் வீட்டில் மூன்று முனை பிளக்கும் சரியான எர்த்தும் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பியைத் தொட்டு வாசிக்கிற வாத்தியம் இது.

நான்காவது, பெட்டியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு கடையின் மாடிப்படியில் ஏறி இறங்குங்கள். கடைக்காரர் சிரிக்கட்டும். விழுப்புரம் ஜங்ஷன் மேம்பாலத்தைக் கிதாரோடும் பெட்டியோடும் ஏறி இறங்கப் போவது அவர் அல்ல.

நாம் இதற்குத் தமிழில் மெல்லிசை என்று பெயர் வைத்தோம். எவ்வளவு அழகான சொல்! ஆனால் ஊர்த் திருவிழாவில் மெல்லிசைக் குழு வந்தால் மினி லாரியில் பெட்டிகள் வந்து இறங்குகின்றன. முன்வரிசையில் உட்கார்ந்த கிழவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறார்கள். பிரெஞ்சிலும் 'லெஜே' என்றால் கனமில்லாதது. மெல்லிசைக்கும் அவர்கள் அதே சொல்லைத்தான் சேர்த்துச் சொல்வார்கள். கனமில்லாதது கௌரவக் குறைவு என்ற எண்ணம் இரண்டு மொழியிலும் இல்லை. அது நம் கடைத்தெருவில் முளைத்தது.

இந்தப் பெருமை பேச்சால் யார் வாயடைத்துப் போகிறார்கள் என்று பாருங்கள். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது, நாலு பேர் சேர்ந்து தூக்குவார்கள். எழுபதைத் தாண்டியவன், முதுகு வலிக்காரன், பஸ்ஸில் போகிறவன், மாடி வீட்டில் தனியாக இருக்கிற அம்மாள், இவர்கள்தான் வாத்தியத்தை மூடி வைக்கிறார்கள். காரணம் கேட்டால் வயதாகிவிட்டது என்பார்கள். என் தோழனும் அப்படித்தான் சொன்னான். நான்கு வருஷமாக அவன் வீட்டாரும் அதை நம்பினார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் சின்னப் பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, புதுக் கம்பிகள் ஒரு செட் வாங்கிக்கொண்டு, திண்டிவனம் பஸ் ஏறினேன். மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்கவில்லை. கம்பி மாற்றவே அரைமணி ஆயிற்று; அவன் விரல் நுனியெல்லாம் மெத்தென்று ஆகியிருந்தது. பத்து நிமிஷத்துக்கு மேல் அழுத்த முடியவில்லை. தாளமும் இரண்டு இடத்தில் தவறியது. ஆனாலும் சொல்தா தாத்தா வீட்டில் கேட்ட ஒரு பாட்டின் முதல் எட்டு பார் வந்துவிட்டது. அவன் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இது எப்ப வாங்கினது? சத்தம் நல்லா இருக்குதே," என்றார்கள்.

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு அவன் விழுப்புரம் வருவதாகச் சொல்லியிருக்கிறான். திருப்பிக் கொடுக்கத் தூக்கிக்கொண்டு வருவான். வரட்டும், தூக்கட்டும். ஏழு கிலோதானே.