எழுத்துருவின் புதுமையை அறிவது யார்?

எழுத்துரு வடிவமைப்புப் போட்டிகளின் விதிகளில், அனுப்பப்படும் வடிவம் அனுப்புபவரின் சொந்தப் படைப்பாக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை தவறாமல் இடம்பெறும். எளிதாகத் தோன்றும் அந்த ஒரு வரிக்குள் மிகக் கடினமான கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. எந்த எழுத்தும் வாசிப்பவர் கண்ணுக்கு அந்த எழுத்தாகவே தெரிந்தாக வேண்டும் என்பதால், ஒரு சமூகம் முழுவதற்கும் பொதுவான உருவத்தில் தனியொருவர் தம்முடையது என்று உரிமை கொண்டாடக்கூடிய பகுதி எது, அதை எந்தக் கண் கொண்டு அளப்பது என்பதே அக்கேள்வி. நடுவர்கள் தந்த விடையையும் நீதிமன்றம் தந்த விடையையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு ஜப்பான் மிகப் பொருத்தமான களமாகும்.

அந்நாட்டில் 1924ஆம் ஆண்டு இஷீ மோகிச்சி, மொரிசாவா நொபுவோ ஆகிய இருவரும் ஒளியச்சுக்கோப்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தனர். ஈய எழுத்துகளை அடுக்குவதற்குப் பதிலாக, கண்ணாடித் தகட்டிலுள்ள எழுத்தின் வழியே ஒளியைச் செலுத்தி, அதை வில்லையால் வேண்டிய அளவுக்குப் பெருக்கியோ சுருக்கியோ ஒளிப்படத் தாளில் பதிவதே இம்முறை. பிற்காலத்தில் இருவரும் பிரிந்து, இஷீ ஷாகென் நிறுவனத்தையும் மற்றவர் தம் பெயரிலேயே மொரிசாவா நிறுவனத்தையும் நடத்தினர். ஈய எழுத்துக்கு ஒவ்வோர் அளவிலும் தனித்தனியே அச்சு வார்க்க வேண்டியிருந்த நிலை மாறி, ஒரே மூல வரைவு பல அளவுகளுக்கும் போதுமானதாயிற்று. வார்ப்பாலையோடு தொடர்பே இல்லாத ஒருவரும் தூரிகையும் மையும் கொண்டு புதிய எழுத்துருவை உருவாக்க முடியும் என்ற நிலை பிறந்தது. இம்மாற்றத்தின் விளைவாகவே, ஷாகென் 1970இல் தன் நிறுவனர் பெயரில் எழுத்துருப் போட்டியைத் தொடங்கியது. மொரிசாவாவின் பன்னாட்டுப் போட்டி 1984இல் தொடங்கியது.

இஷீ பரிசின் முதல் போட்டியில் முதலிடம் பெற்றது நாகமுரா யுகிஹிரோ வரைந்த 'நார்'. பெயர்ப்பலகைத் தொழிலிலும் தொலைக்காட்சிக் கலைப்பிரிவிலும் கையால் எழுத்து வரைந்து பழகியவர் அவர். கோட்டு முனைகள் உருண்டையாக முடியும் எழுத்து வகை ஜப்பானுக்குப் புதிதன்று. ஆயினும் ஒவ்வோர் எழுத்தும் தனக்கென ஒதுக்கப்பட்ட சதுரத்தின் விளிம்புவரை விரிந்து நிற்குமாறும், கோடுகளுக்கிடையே உள்ள வெற்றிடங்கள் இயன்றவரை அகன்றிருக்குமாறும் அவர் அமைத்த முறை புதிது. புதுமை கோட்டின் முனையில் இல்லாமல் கோடுகளுக்கு நடுவிலுள்ள வெளியில் இருந்தது என்பதை நடுவர்கள் கண்டுகொண்டதே அப்போட்டியின் பெரும் சாதனை. அவ்வெழுத்துரு பின்னர் அந்நாட்டின் சாலை வழிகாட்டிப் பலகைகள்வரை பரவியது. பரிசுக்கும் பயன்பாட்டுக்கும் இடையே கிடந்த உழைப்பையும் இங்கே மறந்துவிடலாகாது: போட்டிக்கு மாதிரியாகச் சில எழுத்துகள் போதும், ஆனால் முழுமையான ஜப்பானிய எழுத்துருவுக்கு ஆயிரக்கணக்கானவை வேண்டும். 1978ஆம் ஆண்டின் ஜப்பானியத் தரநிலை, சீன வழி எழுத்துகளான கான்ஜியில் மட்டும் 6,349ஐ வரையறுத்தது.

இதே நாகமுரா 1975இல் ஷாகெனுக்காக வடிவமைத்த 'கோனா' என்னும் தடித்த எழுத்துருதான் பின்னர் வழக்குப் பொருளாயிற்று. மொரிசாவாவின் 'ஷின் கோ' எழுத்துரு அதன் நகல் என்று ஷாகென் தொடுத்த வழக்கில், ஜப்பானின் உச்ச நீதிமன்றம் 2000 செப்டம்பர் 7 அன்று ஷாகெனின் கோரிக்கையை ஏற்க மறுத்தது. எழுத்துரு ஒன்று பதிப்புரிமை பெற வேண்டுமானால், முந்தைய எழுத்துருக்களிலிருந்து வெளிப்படையாக வேறுபடும் தனித்தன்மையும், கலைப்பொருளைப் போலத் தானே ரசிக்கப்படும் அழகும் அதற்கு இருக்க வேண்டும் என்று தீர்ப்பு வரையறுத்தது. தளர்வாக உரிமை வழங்கினால், நூல் அச்சிடும் ஒவ்வொருவரும் எழுத்துருவை ஆக்கியவரிடம் அனுமதி பெற நேரும் என்றும், சிறுசிறு வேறுபாடுள்ள எண்ணற்ற உரிமைகள் குவிந்து குழப்பம் விளையும் என்றும் நீதிமன்றம் அஞ்சியது. இந்த அச்சம் நியாயமானதே. ஆனால் அது வகுத்த அளவுகோல் நூலெழுத்துக்கு, அதாவது நீண்ட உரைநடையை வாசிப்பதற்கான எழுத்துக்கு, முற்றிலும் பொருந்தாதது. நல்ல நூலெழுத்து வாசகரின் கவனத்தைத் தன்மேல் இழுக்காமல் சொல்லுக்கு வழிவிடுவது. எந்த அளவுக்கு அது சிறந்து விளங்குகிறதோ அந்த அளவுக்கு அதன் தனித்தன்மை மறைந்தே நிற்கும். ஆகவே மிகச் சிறந்த நூலெழுத்தே இவ்வளவுகோலின்படி பாதுகாப்பை இழக்கும் நிலை ஏற்படுகிறது.

சட்டம் கைவிட்ட இவ்விடத்தில்தான் போட்டி நடுவரின் கண் இன்றியமையாததாகிறது; ஆயினும் போட்டிகளும் அதே பிழையில் விழுவதற்கான ஏது அவற்றின் நடைமுறையிலேயே இருக்கிறது. மாதிரி எழுத்துகள் பெரிய அளவில் காட்டப்படும்போது விநோத உருவங்களே முதலில் கண்ணில் படும். சுசுகி ட்சுதோமு 1972இல் அதே இஷீ பரிசை வென்றது, தலைப்புகளுக்கே ஏற்ற, மிகத் தடித்த 'சூபோ' என்னும் எழுத்துருவால். ஆனால் 1989இல் தோழர் இருவருடன் ஜியூகோபோ என்னும் கூடத்தை நிறுவியபின், அவர் பங்கேற்று உருவாக்கிய 'ஹிராகினோ' அமைதியான நூலெழுத்து. ஆப்பிள் கணினிகளின் வழியே ஜப்பானியர் நாள்தோறும் வாசிக்கும் எழுத்து. விளம்பரத் தலைப்புக்கேற்ற கையும் வாசிப்புக்கேற்ற கையும் ஒருவருக்கே வாய்ப்பது அரிது. பின்னதைத் தொடக்கத்திலேயே கண்டறியும் போட்டி அதனினும் அரிது.

நீதிமன்றத்தில் மோதிய அதே இரு நிறுவனங்களும், ஷாகெனின் பழைய எழுத்துருக்களைக் கணினிக்கு ஏற்றவாறு இணைந்து உருவாக்கப்போவதாக 2021இல் அறிவித்து, காப்புரிமை விண்ணப்பத்தின் நூற்றாண்டான 2024 முதல் வெளியிட்டு வருகின்றன. அவை இணங்கிவிட்டாலும், புதிதாக எழுத்துரு வரைந்து போட்டிக்கு அனுப்பும் இளையவருக்குச் சட்டத்தின் துணை இன்றும் குறைவே. ஆதலால் போட்டி நடத்துவோர், படைப்பின் உரிமை படைத்தவரிடமே இருக்கும் என்று விதியில் தெளிவாக எழுத வேண்டும். பரிசு பெறாதவற்றையும் பெயர், ஆண்டு ஆகியவற்றுடன் பொதுவில் பதிவுசெய்ய வேண்டும். பெரிய எழுத்துகளைப் பார்க்கும் முன், அவ்வெழுத்துருவில் சிறிய அளவில் அச்சிட்ட முழுப் பக்கம் ஒன்றை நடுவர்கள் உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.